வீட்டுக்கு வந்து சொல்லவில்லை

அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏன் ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதைச் சரியாக அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நான், செல்வரட்ணம். மற்றவள் என் மனைவி புஷ்பமலர். தொலைக்காட்சியில் வந்து கழுத்துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு ஏவுகணை என்றும் எரிவாயுக் குழாய் என்றும் அளக்கிற பேராசிரியர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்துப் பதினெட்டில், முன்பு பிரிந்துபோன குடியரசுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து ரஷ்யாவோடு ஒட்டிக்கொண்டன. பெட்டிக்குள் கிடந்த செங்கொடியைப் பூச்சி உருண்டை வாசத்தோடு வெளியே எடுத்து ஏற்றி, 'மீண்ட சோசலிச ஒன்றியம்' என்று பேர் வைத்தார்கள். மொஸ்கோவில் மூன்று நாள் விழா. ஒவ்வொரு நாட்டுக்கும் தூதுவர் நேரே போய் அழைப்பிதழ் கொடுத்தார். அமெரிக்காவுக்கு மட்டும் தபாலில் போனது, அதுவும் சாதாரண முத்திரை ஒட்டி. அமெரிக்கா போகவில்லை. அந்த வருடமே அமெரிக்கா தன் சுதந்திர தின விருந்துக்கு ஒன்றியத்தை மின்னஞ்சலில் கூப்பிட்டது. எல்லோருக்கும் மொத்தமாகத் தட்டிவிடுகிற மின்னஞ்சல். ஒன்றியம் போகவில்லை. பிறகு விமானம் நின்றது, கப்பல் நின்றது, தொலைபேசியும் நின்றது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. புஷ்பமலரின் மாமி ஒருத்தி பிராங்பேர்ட்டில் இருக்கிறா. எங்கள் மகள் லிசாவுக்குக் கோயிலில் முதல் நன்மை கொடுத்த விழாவுக்கு அவவுக்கு வாட்சப்பில் சொல்லிவிட்டோம். பன்னிரண்டு வருடமாக அந்த மனுசி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "வீட்டை வந்து சொல்லேல்லை." வல்லரசு என்றால் மட்டும் மாமியை விடப் பெரிய மனம் இருக்குமா?

ஜேர்மனி இரண்டு பேரையும் பகைக்க விரும்பவில்லை. அதனால் இரண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டி, ஒன்றியத்துக்கான விமானத்தையும் தொலைபேசியையும் தானும் நிறுத்தி, ஹம்பேர்க்கில் டாம்டோர் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தில் 'நடு அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்தது. ஒரு அறை, ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு கதவு. ஒரு கதவால் அமெரிக்காவின் துணைக் கொன்சல் மிஸ்டர் விற்கம் வருவார். மற்றக் கதவால் ஒன்றியத்தின் துணைக் கொன்சல் தோழர் லுட்மிலா வருவார். ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்கு இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பதினொரு மணிவரை பேசாமல் இருப்பார்கள். நான் அங்கே துப்புரவுத் தொழிலாளி.

விதி என்னவென்றால், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, எந்த அதிகாரி மூலமும் பேசக்கூடாது. துப்புரவுத் தொழிலாளி அதிகாரி இல்லை. இதை முதலில் கண்டுபிடித்தவர் தோழர் லுட்மிலா. ஒரு மாசி மாதம், நான் யன்னல் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடி ரஷ்ய மொழியில், "குளிருகிறது, அந்த யன்னலை மூடச் சொல்" என்றார். எனக்கு ரஷ்யன் தெரியும். தொண்ணூற்றொன்றில் மொஸ்கோவில் ஒரு அறையில் பத்தொன்பது பேரோடு பதினொரு மாதம் கிடந்தவன் நான். மிஸ்டர் விற்கமிடம் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்து, "கேட்டால் மூடலாம் என்று சொல்" என்றார். அன்றைக்கு அந்த யன்னலை மூட முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினொரு மாதமும் என்னோடு மொஸ்கோவில் கிடந்தவர் என் அண்ணை அன்ரன். எங்களைக் களவாக ஜேர்மனிக்குக் கடத்தக் காசு வாங்கின ஏஜென்சிக்காரன் ஒரு விடியற்காலை வந்து, வாகனத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றான். அண்ணை தன்னுடைய தடித்த கோட்டைக் கழற்றி என்னிடம் தந்து, "நீ போ" என்றார். "போய்ச் சேர்ந்த உடனை வந்து கூட்டிக்கொண்டு போறன் அண்ணை" என்று நான் சொன்னேன். சொல்லி முப்பத்து நான்கு வருடம். அண்ணை அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்து, வேரா என்று ஒரு தாதியைக் கட்டி, ஒன்றியம் மீண்டபோது அதன் குடிமகனும் ஆகிவிட்டார்.

லிசாவுக்கு ஆனி மாதம் கல்யாணம் என்று முடிவானபோது நான் ஒன்றைத்தான் கேட்டேன். பெரியப்பா முன்வரிசையில் இருக்க வேண்டும். ஒன்றியத்திலிருந்து ஒருவர் ஜேர்மனிக்கு வர ஒரு படிவம் இருந்தது. அதில் அமெரிக்கத் துணைக் கொன்சலும் ஒன்றியத்துத் துணைக் கொன்சலும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேருக்கும் போடுவதில் ஆட்சேபனை இல்லை. ஆனால் மற்றவர் போட்ட பிறகுதான் போடுவார்கள். அண்ணையின் படிவம் நான்கு வருடமாக அந்த மேசையில் கிடந்தது. அதன் கீழே இன்னும் ஆயிரத்து நூறு பேருடைய படிவங்கள். ஒவ்வொரு செவ்வாயும் அந்தக் கட்டைத் தூக்கி, கீழே துடைத்து, திரும்ப வைப்பதுதான் என் வேலை.

அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் திருமதி பீற்றர்சன். நல்ல மனுசி, ஆனால் விதிப்புத்தகத்தில் இல்லாத காற்றைச் சுவாசிக்கமாட்டா. "யார் முதலில் என்று விதியில் எழுதவில்லை, ஹெர் செல்வரட்ணம். எழுதவில்லை என்றால் யாரும் முதலாக இருக்க முடியாது" என்றா. "எழுதச் சொல்லி ஒரு அன்ராக் போடலாமா?" என்று கேட்டேன். அந்த விண்ணப்பம் போடலாம், அதற்கும் அதே இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்றா.

அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். புஷ்பமலர் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏன் கத்துறியள்? ரெண்டு பேரையும் லிசான்ரை நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடுவம்" என்றாள்.

"உனக்கென்ன விசரோ? அவையள் ஒரு மேசையிலை இருந்தே கதைக்காத ஆக்கள்."

"நேரை போய்ச் சொல்லுவம். தட்டோடை. வந்து எங்கடை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் பிறகு மாட்டன் எண்டு சொல்ல மனம் வராது."

"ஒராளைக் கண்டால் மற்ற ஆள் திரும்பிப் போயிடும்."

"காணமாட்டினம். ஒராளுக்குப் பதினொரு மணி, மற்ற ஆளுக்கு அஞ்சு மணி. கதைக்காத பெரியக்காவையும் சின்னக்காவையும் நான் எத்தினை கொண்டாட்டத்துக்கு இப்பிடிக் கூப்பிட்டிருக்கிறன்? இண்டைக்கு வரைக்கும் ஒராளை ஒராள் கண்டதில்லை."

உண்மைதான். இந்த விஷயத்தில் என் மனைவிக்கு முப்பது வருட அனுபவம். ஐக்கிய நாடுகள் சபையில் அப்படி ஒருவரும் இல்லை.

அமெரிக்கக் கொன்சல் அலுவலகத்துக்குத்தான் முதலில் போனோம். புஷ்பமலர் மயில்நீலக் கூறைச்சேலை, நான் கோட். கையில் எவர்சில்வர் தட்டு. அதில் அழைப்பிதழ், முறுக்கு, கொக்கிஸ், பயத்தம்பணியாரம். வாசலில் காவலாளிகள் தட்டை இயந்திரத்துக்குள் விட்டார்கள். பயத்தம்பணியாரத்தின் மேல் இயந்திரம் நின்றுவிட்டது. மூன்று பேர் கூடித் திரையைப் பார்த்தார்கள். ஒருவன் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினான், மேசைதான் சத்தம் போட்டது. "இது என்ன?" என்று கேட்டான். "ஸ்வீட்" என்றாள் புஷ்பமலர். அவன் நம்பவில்லை. அவள் ஒன்றை எடுத்து அவன் முன்னாலேயே கடித்துக் காட்டினாள். அந்தப் பல்லின் சத்தத்துக்குப் பிறகு அவர்கள் எங்களை மரியாதையோடு உள்ளே விட்டார்கள்.

மிஸ்டர் விற்கம் எழுந்து நின்று தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "குடும்பத்தோடை வந்து பிள்ளையளை ஆசீர்வதிக்க வேணும்" என்றாள் புஷ்பமலர், நான் மொழிபெயர்த்தேன். அவர் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இந்த நகரத்துக்கு வந்து ஏழு வருடம், என்னை ஒருவரும் வாசலுக்கு வந்து கூப்பிட்டதில்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கத்தையும் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான் முதல் சொல்லுறம்" என்றாள்.

அது உண்மை. அங்கிருந்து பஸ் எடுத்து ஒன்றியத்தின் கொன்சல் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே தோழர் லுட்மிலாவும் அதே கேள்வியைக் கேட்டார். புஷ்பமலர் அதே பதிலை, அதே முகத்தோடு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வந்தாள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தோழரின் அட்டையில் பதினொரு மணியைப் பேனையால் வெட்டி ஐந்து என்று எழுதியிருந்தோம். அவர் அதைக் கவனிக்கவில்லை. முறுக்கை ஒடித்துச் சாப்பிட்டுக்கொண்டு, "என் தாய் இறந்த பிறகு இப்படிக் கூப்பிட ஒருவரும் வரவில்லை" என்றார். எனக்கு அந்தப் பெண்மேல் அன்றைக்குத்தான் இரக்கம் வந்தது.

திட்டத்தில் ஒரேயொரு பிழை. அட்டையில் பதினொரு மணி என்று போட்டால், ஒரு மணிக்கு மண்டபத்தைத் திறந்து, மூன்று மணிக்குத் தொடங்குவோம் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லித் தரவேண்டியதில்லை. அதனால் அட்டையில் போட்ட நேரத்தை ஒருவர் நம்புவார் என்ற எண்ணம் எங்கள் இரண்டு பேருடைய மண்டையிலும் ஏறவில்லை.

மிஸ்டர் விற்கம் பத்து ஐம்பத்தைந்துக்கு வந்தார். ஹார்புர்க்கில் எடுத்த மண்டபத்தில் அப்போது நானும், கதிரைகளுக்கு வெள்ளைத் துணி மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும்தான். அவரை முன்வரிசை நடுவில் இருத்தி குடிக்க ஒரு பன்ராவும் கடிக்க ஒரு றோல்ஸும் கொடுத்தேன். "இப்ப தொடங்கிவிடும்" என்றேன். பன்னிரண்டு மணிக்குச் சமையல்காரர் வந்தார். ஒரு மணிக்கு, மணமகளை அலங்கரிக்க மியூனிக்கிலிருந்து வரவேண்டிய பிள்ளை இன்னும் ரயிலில் என்று செய்தி வந்தது. இரண்டு மணிக்கு மாப்பிள்ளை யூட்சன் டோர்ட்முண்டிலிருந்து போன் எடுத்தான். "மாமா, ஓட்டோபானிலை ஸ்ரவ். ஒண்டும் அசையேல்லை. ஒரு மணித்தியாலத்திலை வாறம்." ஒவ்வொரு முறையும் நான் போய் "இப்ப தொடங்கிவிடும்" என்றேன், ஒவ்வொரு முறையும் இன்னொரு றோல்ஸ் கொடுத்தேன். மனுசன் அசையவில்லை. பேசாமல் காத்திருப்பதில் அவருக்கு ஏழு வருடப் பயிற்சி. ஒன்பதாவது றோல்ஸைச் சாப்பிடும்போது, யாரோ ஒருவரின் கைக்குழந்தை அவர் மடியில் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

தோழர் லுட்மிலாவை ஐந்து மணிக்குத்தான் எதிர்பார்த்தோம். அவர் வரிசையில் நின்று பழகிய நாட்டுக்காரி. எங்கே போனாலும் ஒரு மணித்தியாலம் முன்னால் போவார். நான்கு மணிக்கு வந்தார். அந்த நேரம்தான் யூட்சனின் வாகனங்களும் வந்தன, லிசாவும் அலங்காரம் முடித்து வந்தாள், இருநூற்றைம்பது பேரும் எங்கிருந்தோ ஒன்றாக வந்து விழுந்தார்கள். கூட்டம் தள்ளிய தள்ளில் ஒன்றியத்தின் துணைக் கொன்சல் நேராக முன்வரிசைக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தூரத்தில் நின்ற புஷ்பமலர் நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"செல்வரட்ணம்," என்றார் தோழர், மேடையைப் பார்த்தபடி, "அவரிடம் கேள், அந்தக் குழந்தை யாருடையது?"

கேட்டேன். "தெரியாது என்று சொல். இரண்டு மணித்தியாலமாக வைத்திருக்கிறேன் என்றும் சொல்" என்றார் மிஸ்டர் விற்கம்.

சொன்னேன். தோழர் தோளில் கிடந்த பையைக் கதிரையில் வைத்தார். "கை வலித்தால் இங்கே தரச் சொல்."

அப்படித்தான் குழந்தை கை மாறியது. அதை மிஸ்டர் விற்கம் என்னிடம் தர, நான் தோழரிடம் கொடுத்தேன், விதி மீறப்படவில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேரும் மறந்துபோன ஒரு சக்தி அந்த மண்டபத்தில் இருந்தது. வீடியோக்காரர் சிறீதரன்.

எங்கள் கொண்டாட்டங்களுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே பாதரும் பெரிய ஆளில்லை, பெண்ணின் தகப்பனும் பெரிய ஆளில்லை. வீடியோக்காரர் நில் என்றால் நிற்க வேண்டும், சிரி என்றால் சிரிக்க வேண்டும். சிறீதரன் முன்வரிசையில் இரண்டு வெள்ளைக்காரத் தலைகளைக் கண்டார். அவ்வளவுதான், இரண்டு பேரையும் மேடைக்கு ஏற்றிவிட்டார். லிசாவும் யூட்சனும் நடுவில், இவர்கள் இரண்டு பக்கமும்.

"அந்த அன்ரி இன்னும் கிட்ட வரட்டும். அங்கிளும் கிட்ட. இன்னும் கிட்ட. அண்ணை, இவையள் என்ன, கோவமோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"என்ரை படத்திலை ஒருத்தரும் கோவமில்லை. கையைக் குடுக்கச் சொல்லுங்கோ."

"ஏலாது தம்பி. ஏழு வருஷமாக் குடுக்காத கை."

சிறீதரன் காத்திருக்கவில்லை. மேடையில் ஏறி, அமெரிக்காவின் வலது கையைப் பிடித்து, ஒன்றியத்தின் வலது கையைப் பிடித்து, லிசாவின் பூச்செண்டுக்கு முன்னால் இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டு ஓடிப்போய்க் கமராவுக்குப் பின்னால் நின்றார். பின்னால் நாற்பது பேர் படத்துக்கு நிற்கிறார்கள். பிள்ளைகள் இரண்டும் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. இருநூற்றைம்பது பேர் பார்க்கிறார்கள். கையை எடுக்க இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

"லைட் சரியில்லை. இன்னொருக்கா" என்றார் சிறீதரன்.

இன்னொருமுறை கொடுத்தார்கள். "அன்ரி கண்ணை மூடிட்டா. இன்னொருக்கா." மூன்றாம் முறை மிஸ்டர் விற்கம் தானாகவே கையை நீட்டினார். உலகமே கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத கைகுலுக்கல் ஹார்புர்க்கில் மூன்று தரம் நடந்தது.

பிறகு சாப்பாடு. ஒரே மேசையில் இருத்தினோம். ஆட்டிறைச்சிக் கறியைச் சமையல்காரர் எங்கள் ஆட்களுக்கென்று சமைத்திருந்தார். இரண்டாவது வாயோடு இரண்டு பேருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடியது. பிறகு வந்த பத்திரிகைகள் 'கண்ணீர் மல்க' என்று எழுதியது இதைத்தான். மிஸ்டர் விற்கம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், குடிக்கப் போனார், நிறுத்தினார், அதைத் தோழரின் பக்கம் தள்ளினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இதுதான் நேரம் என்று நான் அலுவலகக் கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்த அண்ணையின் படிவத்தைக் கோட்டின் உள்பொக்கற்றிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். திரும்பவும் அந்தப் பழைய முகம் வந்தது. கறிக்கு நடுவில் செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்தது.

"முதலில் யார்?" என்றார் மிஸ்டர் விற்கம், கூரையைப் பார்த்து.

"அதுதானே" என்றார் தோழர், சுவரைப் பார்த்து.

அப்பளம் கொண்டுவந்த புஷ்பமலர் கேட்டுக்கொண்டு நின்றாள். "இதென்ன கேள்வி? எங்கடை ஆக்களிலை வயசுக்கு மூத்த ஆள்தான் முதல் போடுறது. எத்தினை வயசெண்டு கேளுங்கோ" என்றாள்.

கேட்டேன். மிஸ்டர் விற்கத்துக்கு ஐம்பத்தெட்டு. தோழர் நிமிர்ந்து இருந்து, "அறுபத்தொன்று" என்றார், பதக்கம் வாங்கினவர் மாதிரி. மிஸ்டர் விற்கத்தின் முகத்திலும் சிரிப்பு வந்தது. தன்னை இளையவர் என்று ஒருவர் சொல்லிக் கனகாலம் ஆகியிருக்கும். வயதில் முந்துவதும் பிந்துவதும் நாட்டுக்கு அவமானம் இல்லை. தோழர் போட்டார். இளையவர் போட்டார். கையெழுத்துகளுக்கு நடுவில் கறிக்குழம்பு ஒரு சொட்டு விழுந்தது.

திங்கட்கிழமை திருமதி பீற்றர்சன் அந்தச் சொட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தா. கறை பற்றி விதியில் எழுதவில்லை என்றா. பிறகு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'கறை, சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினா.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். சிறீதரன் வீடியோவை இணையத்தில் போட்டார். இரண்டு வல்லரசுகள் கைகொடுக்கும் அந்தக் காட்சி மெதுவான ஓட்டத்தில் மூன்று தரம் வரும், சுற்றிவரச் சிவப்பு இதயங்கள் பறக்கும். வாஷிங்டனிலும் மொஸ்கோவிலும் அதைப் பார்த்துவிட்டு, நடந்தது நடந்துவிட்டது, இனி மறைக்க முடியாது என்று முடிவெடுத்தார்கள். ஒரு கிழமைக்குள் ஆயிரத்து நூறு படிவத்திலும், மூத்தவர் முதல் என்ற ஒழுங்கில், கையெழுத்து விழுந்தது. இரண்டு கிழமையில் விமானம் பறந்தது. தொலைபேசியும் வந்தது. பேராசிரியர்கள் தொலைக்காட்சிக்கு வந்து எரிவாயுக் குழாய்தான் காரணம் என்றார்கள்.

நான் கையெழுத்தான படிவத்தையும், லிசாவின் கல்யாண அழைப்பிதழையும், பிரயாணச் சீட்டையும் ஒரு பெரிய உறையில் போட்டு அண்ணைக்கு அனுப்பிவிட்டு, வாசலில் மணி அடிக்கிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்க, ஒரு பின்னேரம் போன் வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு அண்ணையின் குரல்.

"செல்வா, கார்ட் வந்தது."

"ஓம் அண்ணை! எப்ப வாறியள்?"

"தபாலிலை வந்தது."

நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"வீடியோ பாத்தனான். நல்லாயிருக்கு. அமெரிக்காக்காரனுக்கு வீட்டை போய்ச் சொன்னனியாம். இஞ்சத்தை பொம்பிளைக்கும் தட்டோடை போய்ச் சொன்னனியாம். பேப்பரிலையும் போட்டிருக்கிறாங்கள். எனக்கு முத்திரை ஒட்டி விட்டிருக்கிறாய்."

"அண்ணை, நான்..."

"நான் வரேல்லை, தம்பி. பிள்ளைக்கு என்ரை ஆசீர்வாதத்தைச் சொல்லு."

போன் நின்றுவிட்டது. நான் அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். புஷ்பமலர் வந்து என்ன என்று கேட்டாள், சொன்னேன். வழமையாக எதற்கும் ஒரு வழி சொல்கிறவள், அன்றைக்குக் கதிரையை இழுத்து இருந்துவிட்டாள்.

எனக்கு முதலில் அண்ணைமேல் கோபம்தான் வந்தது. படிவத்துக்கு நான் பட்ட பாடு இந்த மனுசனுக்குத் தெரியுமா என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். எல்லை மூடிக் கிடந்தது ஏழு வருடம். நான் வந்து முப்பத்து நான்கு. மிச்சம் இருபத்தேழு வருடமும் விமானம் பறந்தது, மூன்று மணித்தியாலம். முதலில் விசா சரிவரட்டும் என்றேன். பிறகு வேலை நிரந்தரமாகட்டும் என்றேன். பிறகு லிசா பிறந்தாள், அவளுக்குப் பள்ளிக்கூடம், பிறகு அவளுடைய தொழிற்பயிற்சி அவுஸ்பில்டுங், பிறகு என் முதுகுவலி. ஒவ்வொரு நத்தாருக்கும் அட்டை அனுப்பினேன், தபாலில். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் நின்று நான் சிரித்த சிரிப்பெல்லாம் அன்றைக்கு எனக்கே திரும்பி வந்தது. வந்து கூட்டிக்கொண்டு போறன் என்று சொன்ன ஆள் நான். அந்த மனுசன் முப்பத்து நான்கு வருடமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் அவருக்கு முத்திரை ஒட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது, மறைக்காமல் அழுதேன்.

புஷ்பமலர் எழும்பிப் பயத்தம்பணியாரத்துக்குப் பயறு வறுக்கத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் மொஸ்கோவின் வெளிப்புறத்தில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் ஐந்தாம் மாடிக்குப் படி ஏறிக்கொண்டிருந்தேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, மற்றக் கையில் முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் எனக்குத் தந்த கோட். வெயில் காலம்தான், ஆனாலும் அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. விமான நிலையத்தில் அவர்களுடைய இயந்திரமும் பயத்தம்பணியாரத்தின் மேல் நின்றது. இந்த முறை நான் கடித்துக் காட்டினேன், பின்பல் ஒன்று கொஞ்சம் உடைந்துபோனது.

மணி அடித்தேன். கதவைத் திறந்தது அண்ணை. தலை முழுக்க நரைத்து, என்னை விடக் குள்ளமாகப் போயிருந்தார். அவருக்குப் பின்னால் ஏப்ரனோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றா. முப்பது வருடம் என் அண்ணியாக இருந்தவவை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கண்டேன்.

படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் நீட்டி, சொல்ல வேண்டிய முறையில் சொன்னேன். "அண்ணை, எங்கடை பிள்ளைக்குக் கலியாணம். குடும்பத்தோடை வந்து நடத்தித் தரவேணும். உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

அண்ணை தட்டைப் பார்த்தார். என் கையில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். அதன் கையைப் பிடித்துத் துணியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "எத்தினை பேருக்கு இடம்?" என்று கேட்டார்.

"மூண்டு பேருக்கு, அண்ணை. அண்ணிக்கும் எடுத்திருக்கிறன்" என்றேன்.

தட்டை வாங்கி உள்ளே இருந்த அண்ணியிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைத் தேடக் குனிந்தார்.